சொரணைக்காரி

செங்காட்டுப்பேட்டை அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவை மூடி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூடியதற்காக யாரும் மறியல் செய்யவில்லை, ஒரு மனுக்கூடக் கொடுக்கவில்லை. நோயாளி வந்தால்தானே பிரிவு? கடைசி வருடம் முழுக்க அங்கே வந்தவர்கள் பதினான்கு பேர். அதிலும் ஒன்பது பேர் பல் டாக்டர் அறையைத் தேடி வழி தவறி வந்தவர்கள். அங்கிருந்த மருத்துவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, அந்த அறையில் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களை வரிசையாகப் போட்டார்கள். முதலில் நான்கு போட்டார்கள். இப்போது இருபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தன.

தோல் நோய் ஒழிந்ததற்குக் காரணம் இசைவூசி. குழந்தை பிறந்த மூன்றாம் மாதம், மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்துத் தொடையில் ஒரு குத்து; பெரியவர்களுக்குக் கையில். அவ்வளவுதான். ஆகாத பொருள் ஒன்று தோலில் பட்டதும் சண்டைக்குக் கிளம்புகிற காவல் செல்களை ‘பொறு, இது நம்ம ஆள்தான்’ என்று சொல்லி உட்கார வைக்கும் அமர்த்துசெல்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. இசைவூசி அவற்றைப் பெருக்கிவிடும். கரப்பான் போயிற்று. காணாக்கடி போயிற்று. தலைச்சாயம் பூசிய மறுநாள் முகம் வீங்குவது, இறால் தின்று உதடு தடிப்பது எல்லாம் பழங்கதையாயின. உடம்பில் ஊறல் என்றால் கருவாட்டையும் கத்தரிக்காயையும் விலக்கச் சொல்லும் வழக்கம் வைத்தியர்களுக்கே மறந்துபோயிற்று. பள்ளிப் பிள்ளைகள் ‘அரிப்பு’ என்ற சொல்லை அகராதியில் படித்தார்கள்.

அந்த ஊசியைக் கண்டுபிடித்தவள் டாக்டர் மங்களேஸ்வரி. உத்தரகோசமங்கைப் பக்கம் பிறந்து, சென்னையில் படித்து, அங்கேயே ஒவ்வாமை ஆய்வு நிலையத்தின் இயக்குநரானவள். வயது அறுபத்துமூன்று. நூற்று அறுபத்துநான்கு ஆய்வுக் கட்டுரைகள், தோலின் எதிர்ப்பாற்றல் பற்றி நான்கு பெரும் நூல்கள். பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்து, எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் உங்கள் ஊசிதான் என்பார்கள். அவள் சிரித்துத் தலையசைப்பாள். பல வருடங்களாக அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வருடம் சித்திரையில் அறிவியல் பேரவை அவளுக்கு வாழ்நாள் விருது அறிவித்தது. விருது பெறுகிறவரின் ஆய்வு வரலாறு முழுவதையும், முதல் நோட்டுப் புத்தகத்திலிருந்து தொகுத்துப் பேரவையின் நூலகத்தில் வைப்பது வழக்கம். அந்த வேலையைத் துணை இயக்குநர் இளம்பரிதியிடம் கொடுத்தாள். அவளிடம் முனைவர் பட்டம் பெற்றவன். முப்பத்தெட்டு வயது, அதிர்ந்து பேசமாட்டான், எண்களை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பார்ப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவன் கோப்போடு வந்து உட்கார்ந்தான். எல்லாம் முடிந்தது, ஓர் எண் மட்டும் இடிக்கிறது என்றான். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் செங்காட்டுப்பேட்டையின் தோல் பதனிடும் டேனரிகளில் நடந்த முதல் ஆய்வில் இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களுக்கு ஊசி போட்டிருக்கிறது. கட்டுரையில் இருநூற்று ஐந்து பேரின் முடிவுதான் இருக்கிறது. நோட்டில் மீதி ஏழு பேருக்கு நேரே, ஐந்தாம் மாதத்தில், ‘ஊர் மாறினார், தொடர்பு இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

“அதுல என்ன இடிக்குது?” என்றாள்.

“ஆறாம் மாசப் பரிசோதனைத் தாள்ல ஏழு பேரோட கையெழுத்தும் இருக்கு மேடம். ஊர்ல இல்லாதவங்க எப்படிக் கையெழுத்துப் போட்டாங்கன்னு…”

அப்போதெல்லாம் பதிவு கையாலேதான், தேதி முன்னே பின்னே ஆகியிருக்கும், பதிவுப் பிழை என்று அடிக்குறிப்புப் போட்டுவிடுங்கள் என்று அவள் சொன்னாள். குரல் நன்றாகத்தான் வந்தது. அவன் சரிங்க மேடம் என்றான். கோப்பைக் கட்டினான், எழுந்தான், கதவுவரை போனான். அதற்குள் ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லிச் சமாளித்திருப்பாள். அவன் பார்க்காமல் போனதுதான் அவளை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டது.

அந்த ஏழு பேருக்கும் ஊசி பலிக்கவில்லை. முன்னைவிட மோசமாகக் கைகள் தடித்து, வெடித்து, நீர் வடிந்தன. இருநூற்றுப் பன்னிரண்டில் ஏழு என்பது பெரிய தோல்வி அல்ல. ஆனால் ஏழு பேரும் ட்ரம் பிரிவில் வேலை செய்தவர்கள். குரோம் உப்பு நீரில் சுழன்று நீலமாக வெளிவரும் ஈரத்தோலைக் கையால் இழுத்துப் போடும் இடம் அது. அங்கே வேலை செய்தவர்களே மொத்தம் முப்பது பேர்தான். முப்பதில் ஏழு என்றால் ஒழுங்குமுறைக் குழு கேள்வி கேட்கும். குரோம் அதிகமாக உள்ள இடத்தில் மட்டும் உடம்பு ஏன் அடங்க மறுக்கிறது, இன்னும் இரண்டு வருடம் இந்த முப்பது பேரையும் கவனித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். வேறொரு நாட்டில் இதே மாதிரி ஊசியை முடிக்கும் கட்டத்தில் இருந்தார்கள். மங்களேஸ்வரிக்கு அப்போது முப்பத்துநான்கு வயது.

யாரும் அவளை நிர்ப்பந்திக்கவில்லை. பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஒரு காலை வேளை, மேசையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள், ஒரே பேனாவால் அந்த வரியை ஏழு முறை எழுதினாள். ஏழாவது முறை எழுதும்போது கை பழகிவிட்டிருந்தது.

இருபத்தொன்பது ஆண்டுகளில் அவள் அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்துப் பார்த்ததும் இல்லை. இப்போது எடுத்தாள். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் செங்காட்டுப்பேட்டையிலிருந்து டாக்டர் ஜமாலுதீன் என்ற சிறுநீரக மருத்துவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். டேனரித் தொழிலாளர்களுக்குத் தோல் வாழைத்தண்டு மாதிரி இருக்கிறது, சிறுநீரகம் மட்டும் போய்விடுகிறது, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். இசைவூசிக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தாள். புதன்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்கு ரயில் ஏறினாள்.

ஜமாலுதீன் நாற்பத்தைந்து வயதுக்காரர், உள்ளூர்க்காரர். இவ்வளவு பெரியவர் நேரில் வந்ததில் அவருக்குக் கை கால் ஓடவில்லை. முதலில் அவளை இயந்திரங்கள் ஓடும் அறைக்கு அழைத்துப் போனார். படுக்கையில் கிடந்தவர்களின் கைகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வடு இல்லை, தடிப்பு இல்லை. நாற்பது வயது டேனரித் தொழிலாளியின் கை கல்லூரி மாணவியின் கை போல இருந்தது. அந்தக் கையில்தான் குழாய் செருகியிருந்தது.

காரணம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. அரிப்பு இருந்த காலத்தில் கை எரிந்ததும் தொழிலாளி ஓடிப்போய்க் கழுவினான், கையுறை கேட்டுச் சண்டை போட்டான், தாங்க முடியாவிட்டால் வேறு வேலைக்குப் போனான். இசைவூசி வந்தபின் கை எரியவில்லை. கையுறையை முதலாளி நிறுத்தினார், தொழிலாளியும் கேட்கவில்லை. தோல் வழியே குரோம் நாள் தவறாமல் உள்ளே போயிற்று. காவலுக்கு இருந்த செல்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன. சும்மா இருக்கத்தானே அவற்றுக்குச் சொல்லியிருந்தது?

பிறகு அவர் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். அவளுடைய முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்த ஆய்வில் ஊசி போட்ட ட்ரம் பிரிவு ஆட்களை ஊருக்குள் தேடி எடுத்திருந்தார்.

“இருபத்துமூணு பேர் மேடம். பத்தொன்பது பேருக்குக் கிட்னி போயிடுச்சு. அதுல பதினோரு பேர் இப்ப இல்ல.”

இருபத்துமூன்று. முப்பதில் ஏழைக் கழித்தால் வரும் எண். பட்டியலை மேசைமேல் வைத்தாள். இரண்டு வருடம் கவனித்திருந்தால் முதல் சிறுநீரகம் பழுதாவதை அவளே பார்த்திருப்பாள். ஏழு பேர் அரிப்புத் தாங்காமல் ட்ரம்மை விட்டு ஓடியதையும், ஓடியதால் பிழைத்ததையும் பார்த்திருப்பாள். கேள்வியைச் சரியாகக் கேட்ட ஏழு உடம்புகளை அவள் ஊர் கடத்திவிட்டாள்.

ஒரே ஒரு டேனரியிலிருந்து மட்டும் தனக்கு நோயாளியே வருவதில்லை என்றார் ஜமாலுதீன். அங்கே ஒரு சொரணைக்காரி இருக்கிறாள். அந்தச் சொல் மங்களேஸ்வரிக்குப் புரியவில்லை. வந்து பாருங்கள் என்று அழைத்துப் போனார்.

பாலாற்றை ஒட்டிய சின்ன டேனரி. வாசலில் நுழைந்ததும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை. கொட்டகைக்குள் ட்ரம்கள் உருண்டுகொண்டிருந்தன. நடுவே ஒரு ஸ்டூலில், முழங்கைக்கு மேல் ரவிக்கையைச் சுருட்டிவிட்டு, ஐம்பது தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் எருமைத்தோல் மாதிரி கறுத்துத் தடித்துக் கோடு கோடாக வெடித்திருந்தன. ட்ரம்மிலிருந்து வரும் நீரை, கழுவிய தோலை, தரையில் ஓடும் கழிவை, எல்லாவற்றையும் அந்தக் கைகள் தொட்டுப் பார்க்கவேண்டும். அரித்தால் அவள் வேண்டாம் என்று சொல்வாள். எல்லோரும் கையுறை மாட்டுவார்கள், தண்ணீரை மாற்றுவார்கள். ஊரில் இன்னும் உடம்பில் சொரணை உள்ளவள் என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

மங்களேஸ்வரிக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. கையைத் தெரிந்தது. நூற்றுப் பதினெட்டாம் எண், பச்சையம்மா.

பச்சையம்மாவோ அவளைப் பார்த்த மறுகணமே எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். சுற்றி நின்றவர்களிடம், ஊசி கண்டுபிடித்த டாக்டரம்மா இவங்கதான், என் கையைப் பிடித்து இவங்கதான் போட்டாங்க என்று பெருமையாகச் சொன்னாள்.

“ஊசி மேல தப்பு இல்ல. எல்லாருக்கும் ஏத்துச்சு. என் ஒடம்புதான் கெட்ட ஒடம்பு, நல்லதை ஏத்துக்கல. இன்னா பண்றது?”

இருபத்தொன்பது வருடம் அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். உன் உடம்புவாகு அப்படி, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆறாம் மாதப் பரிசோதனையில் மங்களேஸ்வரி சொல்லி அனுப்பியதுதான். அப்போது நீ, வா, போ என்றுதான் பேசியிருந்தாள். அதற்கப்புறம் நடந்ததைப் பச்சையம்மா குறையாகச் சொல்லவில்லை, ஊர் நிலவரம் மாதிரி சொன்னாள். ஊசி ஏற்றதற்குச் சான்று இல்லாமல் எந்த டேனரியிலும் சேர்க்கவில்லை. ஊரில் எல்லோர் தோலும் பளபளவென்று ஆகிவிட, இவளுக்கு மட்டும் ஏதோ பெரிய வியாதி என்று பேச்சு. பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போனார்கள். தம்பி கல்யாணத்தில் தாலிக்கயிற்றைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முதலாளியின் அண்ணன் சிறுநீரகம் போய்ச் செத்தபிறகுதான், அரிக்கிற உடம்பு ஒன்று இருந்தால் நல்லது என்று இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

மங்களேஸ்வரி வந்தது உண்மையைச் சொல்ல அல்ல. பார்க்கத்தான் வந்தாள். நலம் விசாரித்துவிட்டு, ரத்தம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே, ஜமாலுதீன் காதிலும் விழும்படி, முழுவதையும் சொன்னாள். ஏழு பேர் என்றாள். ஊர் மாறினார்கள் என்று எழுதினேன் என்றாள். ஏன் எழுதினாள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அந்தக் காரணம் எவ்வளவு அற்பமாக இருந்தது என்பது அவள் காதுக்கே கேட்டது.

“உங்க உடம்பு கெட்ட உடம்பு இல்ல, பச்சையம்மா. நீங்க சரியாத்தான் இருந்தீங்க. நான்தான் எழுதாம விட்டேன்.”

பச்சையம்மாவின் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. கடைசியில் அவள் கேட்டது மற்ற ஆறு பேர் யார் என்று. பெயர்களை மங்களேஸ்வரி பாராமலே சொன்னாள்.

“முனிரத்தினமும் அதுலயா?” என்றாள் பச்சையம்மா. “தான் ஏதோ பாவம் பண்ணிட்டேன்னு மூணு தபா மலையேறி மொட்டை போட்டுனு வந்தான். அடுத்த தெருதான். அவனுக்கும் ஊசிதான் ஏறலன்னு எனக்குத் தெரியாது, எனக்கும் அதேன்னு அவனுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பக்கம் கைய மூடினு கெடந்தோம்.”

ஏழு பேரில் ஒருவர் லாரி மோதி இறந்துவிட்டார். ஐந்து பேர் இங்கேதான். ஒருவன் மட்டும் நிஜமாகவே ஊர் மாறி ஓசூருக்குப் போயிருந்தான், அதுவும் போன வருடம்தான். பச்சையம்மா அதே காலனியில், அதே மூன்றாம் தெருவில், நோட்டுப் புத்தகத்தில் இருந்த அதே கதவு எண்ணில் குடியிருந்தாள்.

ரத்தம் கேட்கவேண்டியிருந்தது. அந்த ஏழு பேரின் காவல் செல்கள் அடங்கு என்ற உத்தரவுக்குக் காது கொடுக்காதவை. அது எப்படி என்று கண்டால், இசைவூசியின் வேலையைத் திருப்பி எடுக்க இன்னொரு ஊசி செய்யமுடியும். இந்த நிலையில் எப்படிக் கேட்பது என்று மங்களேஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். பச்சையம்மா யோசிக்கவே இல்லை, கையை நீட்டினாள். ஊசி இறங்கக் கொஞ்சமாவது மெல்லிய இடம் கிடைக்காமல் ஜமாலுதீன் மூன்று இடங்களில் குத்தவேண்டியிருந்தது.

“ஒண்ணு மட்டும் பண்ணுங்க டாக்டரம்மா,” என்றாள் அவள், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. “அந்த நோட்டுல என் பேருக்கு நேரா, ஊர்லயேதான் இருந்தாள்னு எழுதிடுங்க.”

சென்னை திரும்பியதும் மங்களேஸ்வரி அடிக்குறிப்பை எடுக்கச் சொன்னாள். ஏழு பெயர்களுக்கு நேரே நடந்ததை எழுதினாள். முதல் கட்டுரைக்கு மூன்று பக்கத் திருத்தம் எழுதி, வேண்டுமென்றே செய்தேன் என்ற சொல்லை வைத்து வெளியிட்டாள். விருது வேண்டாம் என்று பேரவைக்குக் கடிதம் போட்டாள். இளம்பரிதி ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்துக் கொடுத்தான், இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்தான்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். பதவியிலிருந்து இறங்கச் சொல்வார்கள், பேருந்தில் யாரும் எழுந்து இடம் தரமாட்டார்கள் என்று நினைத்தாள். அப்படி நடந்திருந்தால் மனசு கொஞ்சம் தாங்கியிருக்கும். மூன்று வாரம் கழித்துப் பேரவையின் பதில் வந்தது. விருதை வாபஸ் பெறவில்லை, பாராட்டுரையில் ‘மூத்த அறிவியலாளர் ஒருவரின் அரிய நேர்மை’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. அவள் விழாவுக்குப் போகவில்லை. பதக்கத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். அதைப் பிரிக்காமல், யார் கண்ணிலும் படாமல், துணி அலமாரியில் வைத்தாள்.

இயந்திர அறையில் கிடந்த ஒருவரின் மனைவி மட்டும் ஜமாலுதீன் மூலம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அந்த ரெண்டு வருசம் பாத்திருந்தா எங்க வீட்டுக்காரர் தப்பிச்சிருப்பாரா என்று. ஆமாம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதினாள். அதற்கு மறு கடிதம் வரவில்லை.

அந்த இன்னொரு ஊசி, மீட்டூசி, தயாராக மூன்று ஆண்டுகள் ஆயின. செங்காட்டுப்பேட்டையில் முதல் முகாம் போட்டார்கள். நாலாயிரம் டேனரித் தொழிலாளர்கள் உள்ள ஊர், நெரிசலைச் சமாளிக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். காலை பத்து மணிவரை பதினோரு பேர் வந்தார்கள். அதற்கப்புறமும் பதினோரு பேர்தான். ஒவ்வொரு டேனரியிலிருந்தும் ஓர் ஆள். விதவைகள், மொழி தெரியாத வெளியூர்க்காரர்கள், முதலாளியிடம் மறுத்துப் பேச முடியாதவர்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று மங்களேஸ்வரி கேட்டாள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு, “ஒருத்தருக்கு அரிச்சா போதும்னு சொல்லிட்டாங்க,” என்றாள்.

பச்சையம்மாவின் ஸ்டூல் ஒவ்வொரு டேனரிக்கும் வந்துவிட்டது. மெல்ல மெல்லச் சாய ஆலைக்கும், ஓட்டல் சமையல்கட்டுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் வந்தது. இருநூறு பேருக்குப் பதிலாக அரித்துக்கொள்ள ஓர் ஆள். விளம்பரத்தில் ‘சொரணையாளர் தேவை’ என்று போட்டார்கள். ட்ரம் பிரிவில் சிறுநீரக நோய் குறைந்தது, அது உண்மை. அதைக் காட்டி, எல்லோருக்கும் மீட்டூசி கட்டாயமில்லை என்று அரசும் சொல்லிவிட்டது.

அந்த முகாமில் பன்னிரண்டாவதாக மங்களேஸ்வரி போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அறுபத்தாறு வயதில் வேண்டாம் என்று ஜமாலுதீன் தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. நாற்பது நாளில் கடிகார வார் அரித்தது. பிறகு சோப்பு, பிறகு குங்குமம். சொறிந்து சொறிந்து முழங்கையில் ரத்தம் கட்டியது. அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூசியது.

அதற்குள் அவள் ஓய்வுபெற்று ஆலோசகராகிவிட்டாள். இளம்பரிதி இயக்குநரானான். மேனியில் படும் பொருள் எதற்கும், மீட்டூசி போட்ட ஒருவர் தோலில் வைத்துப் பார்த்தபின்தான் சான்று என்று புது விதி வந்திருந்தது. நிலையத்தில் மீட்டூசி போட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டில் கலந்து பேசவேண்டும் என்றார்கள். மேடம் இருக்கும்போது நமக்கென்ன என்று சோதனைக்கூடத்தில் கையுறைப் பெட்டிகூடக் காலியாகவே இருந்தது.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை இளம்பரிதி ஒரு சின்னக் குப்பியோடு அவள் அறைக்கு வந்தான். நான்கு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய புதுக் கைகழுவு நீர்மம். கையைக் கொஞ்சம் காட்டுங்க மேடம் என்றான். மணிக்கட்டில் மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. புதிதாகப் படும் பொருளுக்கு இந்த வகை ஒவ்வாமை உடனே காட்டாது, செல்கள் பொருளை அடையாளம் கண்டு திரண்டு வர இரண்டு நாளாவது ஆகும், புதன்கிழமை பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். அவனுக்கும் தெரியும். அவனுடைய முனைவர் பட்டமே அதில்தான்.

“லாரி வாசல்ல நிக்குது மேடம். அமைச்சர் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு.”

சொல்லிக்கொண்டே அவள் மேசையில் இருந்த பதிவேட்டைத் திறந்து, ‘எதிர்வினை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேனாவைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஒரு சொல் போதும். ஆனால் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? அதுவும் இவனிடம்? அவள் குனிந்து மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டாள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை மணிக்கட்டு சிவந்து, கொப்புளம் கட்டி, தீயாய் எரிந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, மிகவும் அன்பாக, “உங்க ஒருத்தருக்குத்தானே மேடம் வந்திருக்கு, ரெண்டு நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க,” என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அவனைத் திட்டவில்லை. நான்கு மருத்துவமனைகளின் எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு தொலைபேசி முன் உட்கார்ந்தாள். முதல் மூன்று இடங்களிலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆயிரம் பேர் கழுவியாயிற்று, எல்லோர் கையும் பளிச்சென்று இருக்கிறது, இருந்தாலும் பார்க்கிறோம் என்றார்கள். நான்காவது மருத்துவமனையில் எடுத்தவர் இளவயதுக்காரர்.

“எத்தனை பேருக்கு வந்திருக்கு டாக்டர்?”

“ஒருத்தருக்கு.”

அவர், “சரிங்க, குறிச்சு வச்சுக்கிறேன். அந்தப் பேஷன்ட் பேரு?” என்று கேட்டார்.

மங்களேஸ்வரி தன் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் அவர் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்கவில்லை.